டங்ஸ்டன் 3422 டிகிரி தாங்கும். அப்புறம் ஃபியூஷன் உலைச் சுவருக்கு என்ன கவலை?

பெரியகுளம் வாத்தியார் | சனி, மாலை 6:40

பிளஸ் டூ இயற்பியல் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை அணுக்கரு இணைவு. பாடத்தோடு பாடமாக, பிரான்சின் கடராஷில் இருக்கும் வெஸ்ட் டோக்கமாக் (பிளாஸ்மா என்ற அயனியாகிய சூடான வாயுவைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் வளைய வடிவ உலை) 2025 பிப்ரவரி 12 அன்று பிளாஸ்மாவை 1337 நொடி அணையாமல் வைத்திருந்த செய்தியைச் சொன்னேன். 22 நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். உள்சுவர் டங்ஸ்டன் என்றும் சொல்லிவைத்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமப் பிடிச்சிருக்குன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. படாதுன்னா எதுக்கு அவ்வளவு ஒசந்த உலோகம்? பட்டாலும் டங்ஸ்டன்தான் 3422 டிகிரி வரைக்கும் உருகாதே?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்ப்பா" என்று மழுப்பினேன். பெல் அடித்தது, தப்பித்தேன். திங்கட்கிழமை அவன் விடமாட்டான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கான் மணி | சனி, இரவு 7:05

வாத்தியாரே, உருகுநிலையை வைத்து டங்ஸ்டனுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். முப்பது வருஷமாக ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். ஊசிபோலத் தீட்டிய டங்ஸ்டன் ராடை மைனஸில் மாட்டினால் நாள்முழுக்க வேலை பார்க்கும். அதையே தெரியாமல் பிளஸ்ஸில் மாட்டிவிட்டால் முனை கண்ணெதிரே உருண்டையாகிவிடும். அதே ராடு, அதே கரண்ட். சூடு எந்தப் பக்கம் குவிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபியூஷன் எனக்குத் தெரியாது, ராடு தெரியும்.

சுடர்விழி | சனி, இரவு 8:20

மணி அண்ணன் சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். நான் இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறேன். உலோகத் துண்டுகளைப் பிளாஸ்மாவில் காட்டி, அப்புறம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"படாது" என்பது பாடப்புத்தகச் சுருக்கம். காந்தக் கூடு ஒழுகும். ஒழுகவும் வேண்டும்: இணைவில் பிறக்கும் ஹீலியம் சாம்பல் மாதிரி. அதை அள்ளி வெளியே போடாவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். அதனால் விளிம்பில் இருக்கும் காந்தக் கோடுகளை வேண்டுமென்றே வளைத்துக் கலத்தின் அடிப்பக்கம் கொண்டுபோய் முட்டவைக்கிறார்கள். அந்த இடத்துக்கு டைவர்ட்டர் என்று பெயர். வீட்டில் அங்கணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கழிவும் அங்கேதான் இறங்கும்.

பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டிவரும் ஈட்டர் உலையின் இலக்கு 500 மெகாவாட். அதில் ஐந்தில் நான்கு பங்கு நியூட்ரான்களோடு போய்விடும். மிச்சம் 100 மெகாவாட், வெளியிலிருந்து சூடேற்றக் கொடுக்கும் 50 மெகாவாட், ஆக 150 மெகாவாட் பிளாஸ்மா வழியாகவே வெளியேறியாக வேண்டும். ஒரு பகுதியை ஒளியாகச் சிதறடிக்கலாம். மிச்சம் டைவர்ட்டரில் ஒரு ஒல்லியான பட்டை மேல் விழும். அதற்காக அங்குள்ள டங்ஸ்டன் கட்டிகளைச் சதுர மீட்டருக்குத் தொடர்ந்து 10 மெகாவாட், கொஞ்ச நேரத்துக்கு 20 மெகாவாட் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: சூரியனின் மேற்பரப்பே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 63 மெகாவாட்தான் வெளிவிடுகிறது.

கட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சுமார் 28 மில்லிமீட்டர் அகலம், நடுவில் துளை, துளைக்குள் செப்புக் கலவைக் குழாய், குழாய்க்குள் தண்ணீர். பிளாஸ்மாவுக்கும் குழாய்க்கும் நடுவே டங்ஸ்டன் ஆறேழு மில்லிமீட்டர்தான். 10 மெகாவாட் பாயும்போது அந்தத் தடிப்புக்குள்ளேயே சுமார் 600, 700 டிகிரி வித்தியாசம் விழும். 20 என்றால் அதன் இரட்டிப்பு. உங்கள் மாணவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெப்பக் கடத்துதிறன் 100 என்று வைத்தால் போதும். 3422 என்ற எண் அப்போது அவ்வளவு தூரத்தில் தெரியாது.

இது சூட்டுக் கணக்கு மட்டும். அடிக் கணக்கு தனி. ஈட்டரில் பட்டையின் உச்சப் பகுதியில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 1-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அளவில் அயனிகள் வந்து விழலாம். மேற்பரப்பில் இருக்கும் அணுக்களோ 19 சைபர். வகுத்தால், ஒவ்வொரு மேற்பரப்பு அணுவுக்கும் நொடிக்கு லட்சம் அடி.

பெரியகுளம் வாத்தியார் | சனி, இரவு 8:51

லட்சம் அடி விழுந்தால் ஒரு நிமிடத்தில் சுவரே கரைந்துபோகாதா?

சுடர்விழி | சனி, இரவு 9:10

போகாது, காரணமும் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. மீட்சி மோதல். டேபிள் டென்னிஸ் பந்தை ஆட்டுக்கல்லில் எறிந்தால் கல் அசையுமா? எரிபொருளில் ஒன்றான டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜன்) நிறை 2, டங்ஸ்டன் 184. நேருக்கு நேர் மோதினாலும் ஆற்றலில் நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுதான் கைமாறும். மேற்பரப்பிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்க எட்டு, ஒன்பது எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தேவை. ஆக 200 எலக்ட்ரான் வோல்ட்டுக்குமேல் வரும் டியூட்டீரியம்தான் டங்ஸ்டனைச் சுரண்ட முடியும். டைவர்ட்டர் அருகே பிளாஸ்மாவைக் குளிரவைத்து வெறும் 20, 30-இல் விழச்செய்கிறார்கள். சுவருக்குப் பயன்படும் இன்னொரு உலோகமான, லேசான பெரிலியத்துக்கு இந்த வாசல் பத்துச் சொச்சத்திலேயே திறந்துவிடும்.

குளிரவைக்கத்தான் நியான், ஆர்கான், நைட்ரஜன் வாயுக்களைத் துளித்துளியாக விடுகிறார்கள். அங்கேதான் சிக்கலும். அவை கனமானவை, பல மின்னூட்டம் ஏறியவை. சுவருக்கு முன்னால் இருக்கும் மின்னழுத்தச் சரிவில் அதிக வேகம் பிடித்து வந்து, டியூட்டீரியம் செய்யாத வேலையைச் செய்துவிடும். காவலுக்கு வைத்த ஆளே கன்னம் வைப்பது மாதிரி.

சந்தேகப்பிராணி | சனி, இரவு 9:32

சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்லுங்கள். கரி உருகவே உருகாது, நேராக ஆவியாகும். நிறை 12, பிளாஸ்மாவில் கலந்தாலும் பெரிய பாதகமில்லை. இங்கிலாந்தின் ஜெட், அமெரிக்காவின் டிஎஃப்டிஆர் உலைகள் எல்லாம் கரிச் சுவரில்தான் ஓடின. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்றினார்கள்? ஏதோ ஃபேஷன் மாதிரித் தெரிகிறது.

சுடர்விழி | சனி, இரவு 10:04

நல்ல கேள்வி, தொனி மட்டும்தான் இடிக்கிறது.

டங்ஸ்டனை முதலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கரிக்கே போனார்கள். 1970-களின் பிற்பகுதியில் பிரின்ஸ்டனின் பிஎல்டி டோக்கமாக்கில் டங்ஸ்டன் வைத்தார்கள். அணு எண் 74. பிளாஸ்மாவின் நடுவில், கோடிக்கணக்கான டிகிரியிலும் எல்லா எலக்ட்ரான்களையும் அது இழக்காது. ஒட்டியிருக்கும் எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிராக ஆற்றலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நடு குளிர்ந்து விளிம்பு சூடாக இருந்தது. அடுப்புக்குள்ளேயே பனிக்கட்டி! ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சில டங்ஸ்டன் அணுக்கள் என்ற கலப்பே உலைக்கு ஆபத்தான எல்லை. அதனால் கரிக்குப் போனார்கள், வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள்.

கரியின் குற்றம் வேறு மாதிரி. ஹைட்ரஜனோடு வேதிவினை செய்து ஹைட்ரோகார்பனாகிப் பறக்கும். பறந்தது நிழலான மூலைகளில் படியும்போது எரிபொருளையும் சேர்த்துப் புதைத்துக்கொள்ளும். அந்த எரிபொருளில் ஒன்று டிரிட்டியம், ஹைட்ரஜனின் இன்னும் கனமான வகை. அரைவாழ்வு 12.3 ஆண்டு, கதிரியக்கம் உள்ளது, கிடைப்பதும் அரிது. 1990-களில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு உலைகளிலும் டிரிட்டியம் விட்டபோது, அதில் கணிசமான பங்கு சுவரிலேயே தங்கிவிட்டது. ஜெட் தன் கரிச் சுவரைக் கழற்றிவிட்டு, 2011 முதல் பெரிலியம் சுவர், டங்ஸ்டன் டைவர்ட்டரோடு ஓடியது. தங்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஜெர்மனியில் கார்ஹிங்கின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு 2007-லேயே முழு டங்ஸ்டன். டியூட்டீரிய, டிரிட்டிய உலையில் கரி வைப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். டிரிட்டியம் விடாத ஆராய்ச்சி உலைகளில் கரி இன்னும் இருக்கிறது, அங்கே அது நல்ல பிள்ளை.

ஆர்கான் மணி | சனி, இரவு 10:40

படித்தவர்கள் பேச்சின் நடுவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். "டங்ஸ்டன் துளி உள்ளே போனால் கெட்டது" என்று அந்தப் பொண்ணு சொன்னதும் சிரித்துவிட்டேன். திருச்சிப் பக்கம் பாய்லர் குழாய் வெல்டிங் செய்த காலத்தில் ராடு முனை தெரியாமல் உருகிய குழம்பைத் தொட்டுவிட்டால் ஒரு பொடி உள்ளே போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே ஃபிலிமில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி. ஜாயிண்ட் ரிஜெக்ட், வெட்டிப்போட்டு மறுபடி வெல்டிங். அன்றைக்குக் கூலியில் மண். ஒரே உலோகம், எங்கே போனாலும் கனத்தைக் காட்டிவிடும்.

இன்னொன்று. பழைய குண்டு பல்பை ஞாபகம் இருக்கிறதா? புது பல்பு கையிலிருந்து மேசையில் விழுந்தாலும் சில சமயம் தப்பிக்கும். வருஷக்கணக்காக எரிந்த பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றும்போதே உள்ளே கம்பி உதிர்ந்து "கிலுகிலு" என்று சத்தம் கேட்கும். அது உருகவில்லையே, ஏன் உதிர்கிறது? ராடும் அப்படித்தான். குளிர்ந்த ராடை இரண்டு பிளையரில் பிடித்து அமுக்கினால் வளையாது, சாக்பீஸ் மாதிரி படக்கென்று ஒடியும்.

சுடர்விழி | சனி, இரவு 11:15

அண்ணே, எங்கள் துறையின் தலைவலியைப் பல்புக்குள்ளேயே காட்டிவிட்டீர்கள்.

பல்புக் கம்பியை அச்சில் இழுத்து இழுத்து மெலிதாக்கும்போது உள்ளே படிகத் துணுக்குகள் நார் நாராக நீண்டு நிற்கும். அந்த நார்தான் அதற்கு வளையும் குணத்தைக் கொடுக்கிறது. நீண்ட நேரம் அதிகச் சூட்டில் இருந்தால் நார் கலைந்து பெரிய பெரிய துணுக்குகளாக மாறிவிடும். மறுபடிகமாதல் என்போம். அப்புறம் எல்லைக்கோடு வழியே விரிசல் ஓடும். டைவர்ட்டர் கட்டியில் இது சுமார் 1200, 1300 டிகிரியிலேயே தொடங்கிவிடும். அதனால்தான் உருகுநிலையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. வேலைக்கான மேல் எல்லை அதில் பாதிகூட இல்லை. கீழேயும் ஓர் எல்லை உண்டு: சில நூறு டிகிரிக்குக் கீழே டங்ஸ்டன் உங்கள் ராடு மாதிரி ஒடியும் ஜாதி. ஆக அது நிம்மதியாக இருக்கும் ஜன்னல் ரொம்பக் குறுகல்.

பல்புக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தது எத்தனையோ காலத்துக்கு முன்பு. பொடியிலேயே துளி பொட்டாசியம் சேர்த்துவிட்டார்கள். அது டங்ஸ்டனில் கரையாமல் குட்டிக் குட்டிக் குமிழிகளாக வரிசைகட்டி நின்று, துணுக்குகள் வளரவிடாமல் ஆணி அடித்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஃபியூஷனுக்கும் பொட்டாசியம் சேர்த்த டங்ஸ்டனைச் சோதிக்கிறார்கள். ஜெர்மனியில் அந்த மாதிரி இழுத்த கம்பிகளையே நாராக வைத்து, சுற்றிலும் டங்ஸ்டன் நிரப்பி ஒரு பொருள் செய்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுவது மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. டங்ஸ்டனைக் காப்பாற்றுவதும் குமிழி, கெடுப்பதும் குமிழி. கெடுப்பது ஹீலியம்.

ஹீலியம் எந்த உலோகத்தோடும் ஒட்டாத அணு. 20, 30 எலக்ட்ரான் வோல்ட்டில் விழுந்தால் ஒரு டங்ஸ்டன் அணுவைக்கூடப் பெயர்க்காது. ஆனால் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து கும்பலாகும். ஏழெட்டு சேர்ந்தால் ஒரு டங்ஸ்டன் அணுவை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டு அந்தக் குழியில் குடியேறிவிடும். குழி குமிழியாகும், குமிழி மேற்பரப்பைத் தூக்கும், வெடிக்கும். சுமார் 700 முதல் 1700 டிகிரிக்குள் இதைத் தொடர்ந்து செய்தால் மேற்பரப்பிலிருந்து மெல்லிய இழைகள் முளைக்க ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர் தடிமன். எங்கள் ஆட்கள் இதை ஃபஸ் என்பார்கள். நான் ஒட்டடை என்பேன். 2000-களின் நடுவில் ஜப்பானின் நகோயாவிலும், அடுத்து கலிஃபோர்னியாவின் சான் டியேகோவிலும் விவரமாக ஆராய்ந்தார்கள். 2012-இல் எம்ஐடியின் அல்கேட்டர் சி-மாட் டோக்கமாக்குக்குள்ளேயே அதை வளர்த்துக் காட்டினார்கள்.

முதல் முறை பார்த்தது மறக்காது. கண்ணாடி மாதிரிப் பாலிஷ் செய்து உள்ளே வைத்த வட்டத் துண்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது அடுப்புக்கரி பூசியதுபோலக் கறுப்பு. தப்பான துண்டை எடுத்துவிட்டேனோ என்று பின்பக்கத்து எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். துணியால் லேசாகத் தொட்டதும் விரல் பட்ட இடம் மட்டும் பளபளத்தது. என் வழிகாட்டி அன்றைக்குத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 7:20

ஆகச் சுவர் உதிரும், கறுக்கும், ஒடியும். 22 நிமிட சாதனையிலும் கொடுத்த ஆற்றல் 2 மெகாவாட்தான் என்று படித்தேன். நீங்கள் சொன்ன 150 எங்கே, இந்த 2 எங்கே? ஈட்டரே 2023-இல் பெரிலியம் வேண்டாம், முழுக்க டங்ஸ்டன் என்று மாறிவிட்டது. பாதிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மாற்றுகிற கதை. எனக்கு நம்பிக்கையில்லை.

சுடர்விழி | ஞாயிறு, காலை 9:02

2 மெகாவாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்தச் சாதனை நேரத்துக்கானது, சுமைக்கானது அல்ல. அதை யாரும் மறைக்கவில்லை, தலைப்புச் செய்தி போட்டவர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை மாற்றத்தில் மட்டும் உடன்படமாட்டேன். பெரிலியம் 1287 டிகிரியில் உருகும், சீக்கிரம் தேயும், தூளாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். வேண்டாம் என்றதில் தப்பில்லை. ஆனால் பெரிலியம் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தது: கலத்துக்குள் திரியும் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டங்ஸ்டன் அதைச் செய்யாது. அதனால் சுவருக்கு போரான் பூச்சு அடிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பூச்சு தேயும், தேய்ந்தது எங்கோ படியும், கொஞ்சம் டிரிட்டியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கரிக் கதை சின்ன அளவில் திரும்பி வருகிறது. இதில் எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

உதிர்வதைப் பற்றி: ஒட்டடை பிடித்த மேற்பரப்பு சுத்தமான டங்ஸ்டனைவிடக் குறைவாகத்தான் தேய்கிறது. பெயர்ந்த அணு பக்கத்து இழையிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆனால் அதே மேற்பரப்பில் மின்பொறி எளிதாகப் பற்றும், பற்றினால் கொத்தாகப் பறக்கும். நல்லதா கெட்டதா என்று எங்கள் கூட்டங்களில் இன்னும் சண்டை நடக்கிறது.

உருகினால் என்ன ஆகும் என்பதையும் வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013-இல் ஜெட் டைவர்ட்டரில் ஒரே ஒரு டங்ஸ்டன் தகட்டின் விளிம்பை மற்றவற்றைவிட ஓரிரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்தார்கள். காந்தக் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாக வருவதால் தட்டையான பரப்பில் சூடு பரவி விழும். துருத்திய விளிம்பிலோ நேராகக் குத்தும். பிளாஸ்மா விளிம்பில் அடிக்கடி வெடிக்கும் சிறு சிறு வீச்சுகளிலேயே அந்த முனை உருகியது. உருகியது கீழே சொட்டவில்லை. உலோகத்துக்குள் ஓடும் மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் மேடாகக் குவித்தன. நல்லவேளை, பிளாஸ்மா பெரிதாகக் கெடவில்லை. ஆனால் அந்த மேடு இனி நிரந்தரத் துருத்தல். ஈட்டர் கட்டிகளின் மேல்பரப்பை அரை மில்லிமீட்டர் சாய்வாகச் சீவியிருப்பது, ஒரு கட்டியின் விளிம்பு பக்கத்துக் கட்டியின் நிழலில் ஒளிந்துகொள்ளட்டும் என்றுதான்.

ஆர்கான் மணி | ஞாயிறு, காலை 9:30

அரை மில்லியா! எங்கள் ஃபிட்டர்கள் காதில் விழவேண்டிய செய்தி.

கல்பாக்கத்தான் | ஞாயிறு, பகல் 12:10

நியூட்ரானைப் பற்றி முதல் பதிவோடு நிறுத்திவிட்டீர்களே. பிளாஸ்மா அடிப்பது மேலே சில மைக்ரான். 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் கட்டி முழுக்க ஊடுருவும். அணுக்களை இடம்பெயர்க்கும், காலப்போக்கில் டங்ஸ்டனையே ரீனியமாகவும் ஆஸ்மியமாகவும் மாற்றும். அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து உலோகத்தை இன்னும் விறைப்பாக்கும். நியூட்ரான் உண்டாக்கிய ஓட்டைகளில் டிரிட்டியமும் போய் உட்கார்ந்துகொள்ளும்; பழுதில்லாத டங்ஸ்டனில் தங்குவதைவிட அதிகமாக. ஆய்வகப் பிளாஸ்மாவில் காட்டும் துண்டுக்கு இந்த அனுபவம் கிடையாது. அயனிக் கற்றையால் அடித்துப் பழுதாக்கிவிட்டுப் பிளாஸ்மாவில் வைக்கிறார்கள், அது ஒரு சமாளிப்பு.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது என்று வாத்தியார் பையனிடம் சொல்லலாம். அசாமின் சோனாப்பூரில் சிம்பிள்-பிஎஸ்ஐ என்ற கருவி பிளாஸ்மாவை நேர்கோட்டில் பாய்ச்சி டங்ஸ்டனைச் சோதிக்கிறது. குஜராத் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மையம் அது. சுவருக்குப் பின்னால் வரும் தனி எஃகுக்கான ஆராய்ச்சியில் எங்கள் ஊர்க் கல்பாக்கத்துக்கும் பங்குண்டு. அதில் மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன் சேர்ப்பார்கள், கதிரியக்கம் சீக்கிரம் அடங்கட்டும் என்று.

சுடர்விழி | ஞாயிறு, பகல் 12:45

ஒப்புக்கொள்கிறேன். மின் நிலையத்தில் வரப்போகும் அளவுக்குப் பிளாஸ்மாவும் நியூட்ரானும் ஒரே நேரத்தில் விழும் சோதனைக் கருவி உலகில் எங்கும் இல்லை. என் துண்டுகள் எல்லாம் பாதிப் பரீட்சை எழுதியவைதான்.

பெரியகுளம் வாத்தியார் | திங்கள், மாலை 5:15

எல்லோருக்கும் நன்றி. வீட்டுப் பரணிலிருந்து எரிந்துபோன குண்டு பல்பு ஒன்றை எடுத்துப்போய் அவன் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னேன். கிலுகிலு சத்தம் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அப்புறம் ஆறு மில்லிமீட்டர் கணக்கைப் போர்டில் அவனே போட்டான். பத்து மெகாவாட்டுக்கு 600 வந்தது.

உட்கார்ந்தவன் மறுபடி எழுந்துவிட்டான். "சார், ஒட்டடை பிடிச்சா கறுப்பாகும்னு சொன்னீங்க. கறுப்புப் பொருள்தான் வெப்பத்தை நல்லாக் கதிர்வீசும். அப்ப ஒட்டடை சுவரைக் குளிர வைக்கும்தானே?" எனக்கு மறுபடியும் பெல்தான் கைகொடுத்தது.

சுடர்விழி | திங்கள், மாலை 6:02

அவனை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிவையுங்கள். ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் விதியை வைத்துப் பாருங்கள்: 1000 டிகிரியில் முழுக் கறுப்புப் பொருள் சதுர மீட்டருக்கு 0.15 மெகாவாட் வீசும். உள்ளே வருவது 10. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மிச்சம் முழுவதும் தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆனால் அவன் கேள்வி எங்களை வேறு இடத்தில் கடிக்கிறது. சுவரின் சூட்டை அகச்சிவப்புக் கேமராதான் அளக்கிறது. பளபளப்பான டங்ஸ்டன் கொஞ்சமாக வீசும், கறுத்த டங்ஸ்டன் அதே சூட்டில் பல மடங்கு வீசும். ஒரே கட்டியில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு என்றால் திரையில் தெரிவது சூட்டுப் புள்ளியா, ஒட்டடையா என்று கேமராவுக்குத் தெரியாது. போன மாதம் நான் ஒரு துண்டு 1400 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பதறி அடித்துப் பிளாஸ்மாவை அணைத்தேன். பின்பக்கம் செருகியிருந்த, சூட்டைத் தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் 900 காட்டிக்கொண்டிருந்தது.

பெரியகுளம் வாத்தியார் | திங்கள், இரவு 7:30

நாளைக்கே சொல்கிறேன். திரவ லித்தியத்தைச் சுவராக ஓடவிட்டால் என்ன என்று வாசலில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.